மார்கழிக் கடலுக்கு ஓர் உடுப்பு

டிசம்பரில் திருகோணமலைக்குக் கடலுக்கடியில் நீந்தப் போகிறோம் என்றபோது, அந்த ஊரை அறிந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "இப்பவா?" என்பதுதான். சித்திரை பிறந்தால்தான் அங்கே கடல் தெளியும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நிலாவெளிப் பக்கம் படகு இறக்கவே யோசிப்பார்கள். ஆனால் என் வங்கி வேலையில் வருடம் முடிவதற்குள் எடுக்காத விடுப்பு கரைந்துபோகும். என் கணவர் ரகுவின் பம்ப் பட்டறையிலும் அப்போதுதான் வேலை குறைவு. துறைமுகத்துக்குள்ளே, மலை மறைவில், மழைக்காலத்திலும் இறங்க ஓரிடம் இருக்கிறது, அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று நசீர் என்பவர் தொலைபேசியில் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பிக் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினோம்.

இறங்கப் போவது நான் மட்டும். ரகு படகில் உட்கார்ந்திருக்க வருகிறார்.

முன்பு இப்படி இல்லை. கடலே இல்லாத ஊர்க்காரர்களான எங்கள் இருவரையும் புதுச்சேரிக்கு இழுத்துப் போய் சிலிண்டர் கட்டி இறக்கியது அவருடைய பைத்தியம்தான். எனக்கு நீச்சலே அரைகுறை. முதல் தடவை கீழே போனபோது என் கையை விடாமல் பிடித்திருந்தவர் அவர். பிறகு வருடத்துக்கு ஒரு கடல் என்று எட்டிய இடமெல்லாம் போய் வந்தோம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், கடலில் அல்ல, பட்டறையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. நுரையீரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து காற்று வெளியே கசிந்திருந்தது. தேறிவிட்டார். படியேறலாம், விமானத்தில் பறக்கலாம், நீந்தலாம். ஆனால் தண்ணீருக்கு அடியில் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டுகூட, இனி ஒருபோதும் போகக் கூடாது என்றார் டாக்டர். கீழே அழுத்தம் மாறும்போது மறுபடி உடைந்தால் கரைக்குக் கொண்டுவர நேரம் இருக்காது.

நானும் விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "ரெண்டு பேரும் கரையில உட்கார்ந்து என்ன பண்றது? நீ போ. நான் மீன் சாப்பிடுறேன்" என்றார்.

திருகோணமலையில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. நடத்துநர் அவசரப்படுத்த, குடை விரிக்கக்கூட நேரமில்லாமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடி, ஒரு கடைவாசலில் ஒதுங்கினோம். அங்கே எங்களுக்கு முன்பே இரண்டு புள்ளிமான்கள் ஒதுங்கி நின்றன. எங்கள் ஊரில் மாடு நிற்பதுபோல இந்த ஊரில் மான் நிற்கிறது. அதில் ஒன்று வாழைப்பழத் தோலை மென்றுகொண்டே ரகுவை ஏற இறங்கப் பார்த்தது. அவர் சிரித்தார். அப்போதுதான் பின்பெட்டியில் போட்ட நீளப் பை நினைவுக்கு வந்தது. பஸ் போய்விட்டிருந்தது. அது திருகோணமலையோடு நிற்காது, புல்மோட்டை வரை போகும் பஸ்.

பையில் இருந்தது என் வெட்சூட், முகக்கண்ணாடி, துடுப்புக் காலணி. எதையும் இங்கே வாடகைக்கு எடுக்கலாம். நான் அப்படித்தான் சொன்னேன். ரகு கேட்கிற நிலையில் இல்லை. முகம் வெளிறிவிட்டது. வழக்கமாகப் பட்டறையில் லட்ச ரூபாய் வார்ப்பு உடைந்தாலும் "சரி விடு" என்கிற மனிதர், ஒரு ரப்பர் உடுப்புக்கு இப்படிப் பதறுவது எனக்கு விளங்கவில்லை.

படகோட்டி யோகன் வீட்டு மாடியறையில்தான் எங்களுக்குத் தங்கல். அவர் மனைவி ஸ்டெல்லா இடியப்பமும் சொதியும், தேங்காய் சிவக்க இடித்த சம்பலும், பாரை மீன் குழம்பும் வைத்தார். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் தேடும் என் நாக்கு, முதல் வாயிலேயே கட்சி மாறியது. ரகு பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்.

"அண்ணைக்கு உறைப்போ?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"இல்லைங்க. பையை நினைச்சுட்டு இருக்கார்."

"அது எங்கையும் போகாது. புல்மோட்டையில எல்லாரும் எங்கட சனம்தானே" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் ரகு முதல் பஸ்ஸில் புல்மோட்டைக்குக் கிளம்பிவிட்டார். போன் செய்து விசாரித்துவிட்டுப் போகலாமே என்றால், "விசாரிக்கிற நேரத்துல நான் போய்ச் சேர்ந்துடுவேன்" என்றார்.

நான் நசீரின் கடைக்கு நடந்தேன். உட்துறைமுகத்தைப் பார்த்த ஒற்றை அறை. சிலிண்டர்கள் சுவரோரம் வரிசையாக நிற்க, ஒரு கம்பியில் வெட்சூட்டுகள் தோள் தொங்கத் தொங்கின. நசீர் கிண்ணியாக்காரர். ஐம்பது வயதிருக்கும். பேசும்போது காதை நம் பக்கம் சாய்ப்பார். சிலிண்டருக்குக் காற்றடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் ஒரு காது மந்தமாம். "வாங்க அக்கா, இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டு பால் விடாமல் இஞ்சி தட்டிய பிளேன்ரீ வரவழைத்தார்.

பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டார். மறுமுனையில் நடத்துநர் சிங்களத்தில் படபடவென்று பேசுவது எனக்கும் கேட்டது. நசீர் கேட்கக் கேட்கச் சிரிக்கத் தொடங்கினார். போனைக் கையால் மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"பை பத்திரமாம் அக்கா. ஆனா மனிசன் நல்லாப் பயந்திட்டார். ஆருட பை எண்டு திறந்து பாத்தாராம். உள்ள ரெண்டு கறுப்பு ஆக்கள், தலையும் இல்லாம, கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்துக் கிடக்காங்களாம்."

"ரெண்டா?"

"ஓம். ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன் எண்டு சொல்றார்."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பிளேன்ரீயைக் குடிக்க முடியவில்லை. கோவையில் பையைக் கட்டியவர் ரகு. நான் எடுத்துக் கொடுத்தது ஒரு வெட்சூட்.

மாலையில் ரகு பையோடு வந்தார். போகும்போது மூன்றிடத்தில் வெள்ளம், வரும்போது டயர் பஞ்சர், புல்மோட்டையில் சாப்பிட்ட கொத்துரொட்டி பிரமாதம் என்று உற்சாகமாகச் சொன்னார். என் உடுப்பை மட்டும் உருவி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. யோகனின் படகில் நால்வரும் கிளம்பினோம். கொட்டியாரக் குடாவின் பக்கம் ஆற்று வெள்ளம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. மலையைச் சுற்றி உள்ளே வந்ததும் நிறம் பச்சையானது. காற்று நின்றது. கடலுக்கு மேல் அந்த மலை ஒரு கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

என் உடுப்பு மூன்று மில்லிமீட்டர் தடிமன். இருபத்தேழு டிகிரித் தண்ணீருக்கு அது தாராளம் என்றுதான் யாரும் சொல்வார்கள். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் உடம்பின் சூடு அதைவிடப் பத்து டிகிரி கூட. தண்ணீர் பேசாமல், வலிக்காமல், அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். முதல் முறை இறங்கும்போது தெரியாது. மேலே வந்து ஈர உடம்போடு காற்றில் உட்கார்ந்துவிட்டு இரண்டாவது முறை இறங்கும்போதுதான் முதுகுத்தண்டில் ஏறும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே ரகுதான். பம்புக்கு வாஷர் தேர்ந்தெடுத்த கையால் எனக்கு வெட்சூட் தேர்ந்தெடுத்தவர். கழுத்திலும் இடுப்புக்கு மேலும் இடைவெளி இருந்தால் எத்தனை தடிமன் இருந்தும் பயனில்லை, உள்ளே சூடான தண்ணீர் ஓடிப்போய்ப் புதுத் தண்ணீர் வந்துவிடும் என்பார்.

அன்று படகில் என் முதுகு ஜிப்பை ஏற்றிவிட்டு, கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "சரியா இருக்கு. போ" என்றார். மழைக்கோட்டுக்குள் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது.

கீழே நசீர் முன்னால் போக, நான் பின்தொடர்ந்தேன். பாறைத்திட்டின் மேல் மென்பவளம் மூடிக் கிடந்தது. ஒரு கணவாய் மீன் எங்களைக் கண்டு பழுப்பானது, பிறகு வரிவரியானது, பிறகு நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து வெள்ளையானது. நான் இடதுபக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. பழக்கம். எதையாவது கண்டால் இடதுபக்கம் திரும்பி அவர் தோளைத் தட்டுவேன். அந்தத் தோள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தண்ணீர் மட்டும் இருந்தது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. மூக்கும் அடைத்துக்கொள்ளும். அடக்கிக்கொண்டேன்.

மேலே வந்ததும் ஏணியைப் பிடிப்பதற்குள் ரகு கேட்டார்: "என்ன பார்த்த?"

"கணவாய்."

"எவ்வளவு பெரிசு? எப்படி நிறம் மாறுச்சு? முதல்ல எது? உன்னைப் பார்த்துச்சா?"

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடுகிறவர் வாயையே பார்க்கும் பசிக்காரரைப் போல இருந்தது. யோகன் இஞ்சினைத் திருப்பும் சாக்கில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது முறை போனபோது பாதியிலேயே எனக்குத் தாடை நடுங்கத் தொடங்கி, சைகை காட்டி மேலே வந்துவிட்டோம்.

அன்று மாலை மாடியறையில் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டே சொன்னேன். "பையில ரெண்டு இருந்துச்சாம்."

"யார் சொன்னா?"

"கண்டக்டர். சிங்களத்துல."

அவர் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, தன் பழைய வெட்சூட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். முழங்கால் பக்கம் வெளுத்திருந்தது.

"போடணும்னு கொண்டு வரலை" என்றார். "எப்பவும் ரெண்டும் ஒண்ணாதான் தொங்கும். உன்னுது கிளம்பிருச்சு. இது மட்டும் தனியா தொங்குறதைப் பார்க்க முடியலை. அதான் தூக்கிப் போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ டிக்கெட்டையே ரத்து பண்ணியிருப்ப."

உண்மைதான். செய்திருப்பேன்.

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கீழே குசினியில் ஸ்டெல்லா எதையோ தாளிக்கும் சத்தம். ரகு வெட்சூட்டின் வெளுத்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "நீ கீழ போனதும் குமிழி மேல வரும்ல, அதையே பார்த்துட்டிருந்தேன். நசீரோடது எது, உன்னுது எதுன்னு எனக்குத் தெரியும். நீ ரொம்ப மெதுவா விடுவ."

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மேல மிதக்கலாம்ல? நீந்தலாம்னுதானே டாக்டர் சொன்னார்? மூச்சுக்குழாய் வச்சுட்டு, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, எனக்கு நேர் மேல இருங்க."

"அதை நான் யோசிக்காமலா இருக்கேன்?" என்றார். "மிதந்தா சும்மா மிதக்க மாட்டேன். நீ கீழ எதையாவது காட்டுவ. ஒரு உதை உதைச்சா வந்துடலாம்னு தோணும். வந்துடுவேன்."

அவ்வளவுதான். அந்த உடுப்பை வெறுமனே போட்டுப் பார்த்தார். ஏறியது. ஆனால் ரப்பரைப் பெருவிரலால் அமுக்கினால் பள்ளம் எழும்பவில்லை. "செத்துப்போச்சு. இது ஆளைத் தூக்காது" என்று கழற்றி மடித்துவைத்தார்.

காலையில் நான் எழும்போது அவர் ஏற்கெனவே சட்டை மாற்றி நின்றார். "நசீர் கடைக்கு வா. உனக்கும் குளிருக்கு ஏதாவது பார்க்கணும்."

எனக்கு நசீர் தலையுறையோடு கூடிய மெல்லிய உள்ளுடுப்பு ஒன்றைக் கொடுத்தார். தடிமனாகப் போனால் மிதவை கூடும், அதைச் சரிக்கட்ட இடுப்பில் இன்னும் ஈயம் கட்ட வேண்டிவரும், இது போதும் என்றார். ரகு அதை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனார். கடைசியில், மூலையில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று தனியாகத் தொங்கியது. ஏழு மில்லிமீட்டர். ஒரு ஜெர்மன்காரர் கொண்டுவந்து, இந்தச் சூட்டுக்கு இது வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனதாம். ஒருத்தரும் வாடகைக்குக் கேட்டதில்லையாம்.

"இது வேணும்" என்றார் ரகு.

நசீர் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் நான் முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அண்ணே, நீங்க கீழ போக ஏலாது" என்றார் மெதுவாக.

"தெரியும். மிதக்கத்தான்."

"மிதக்கிற ஆளுக்கும் தடிப்பாத்தான் வேணும், அதுவும் சரிதான். கை கால் அசைக்காம கிடப்பீங்க. முதுகில காத்தும் மழையும் படும். கீழ நீந்திற ஆளைவிட உங்களுக்குத்தான் கெதியாக் குளிரும். ஆனா இதைப் போட்டா நீங்க நினைச்சாலும் தாழ ஏலாது. ரப்பரே தூக்கிப் போட்டிரும். நான் ஈயம் தரவும் மாட்டன். கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன்" என்றார் ரகு. "என்னை நானே நம்ப முடியலைங்க. அதுக்குத்தான் இது."

நசீர் உறையைக் கிழித்து உடுப்பை இறக்கிக் கொடுத்தார். அதை அவருக்குப் போட்டுவிட நாங்கள் மூன்று பேர் தேவைப்பட்டோம். படகோடு வந்து சேர்ந்த யோகன் ஒரு காலையும் நசீர் ஒரு காலையும் இழுக்க, நான் முதுகில் முட்டியை ஊன்றி ஜிப்பை ஏற்றினேன். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விரிந்து நின்றன. "அண்ணை, இனிச் சாகிற வரைக்கும் கழட்ட ஏலாது போல" என்றார் யோகன். ரகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன்.

அன்று தூறல் விடவே இல்லை. நான் முதலில் இறங்கினேன். கொஞ்சம் ஆழம் போனதும் திரும்பி மல்லாந்து பார்த்தேன். மேலே, மழைப்புள்ளிகள் விழுந்து விழுந்து கொதிப்பதுபோல இருந்த பரப்பின் நடுவில், கையும் காலும் விரித்து ஒரு கறுத்த உருவம் கிடந்தது. என் குமிழ்கள் ஏறிப் போய் அவர் வயிற்றில் பட்டுச் சிதறி, இரண்டு பக்கமும் வழிந்து போயின. வேண்டுமென்றே இன்னொரு நீள மூச்சு விட்டேன். அவர் கையை ஆட்டினார்.

பாறை நெடுகிலும் கூடவே வந்தார். நான் நின்றால் நின்றார். ஒரு விலாங்கு பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. விளக்கை அதன்மேல் அடித்து மேலே பார்த்தேன். தெரிகிறதா என்று சைகையில் கேட்டேன். தெரியவில்லை என்று கையை ஆட்டினார். அந்தப் பச்சைக் கலங்கலில் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. அப்போதுதான் அவர் உடல் மடங்கியது. தலை கீழாகவும் கால் மேலாகவும் ஓர் உதை உதைத்தார். நசீரும் பார்த்துவிட்டார். மேலே போகத் தயாராகி மிதவைச் சட்டையின் காற்றுக் குழாயைப் பிடித்தார்.

ரப்பர் விடவில்லை. இடுப்பளவுகூட இறங்கவில்லை அவர். பந்தை அமுக்கிவிட்டதுபோல வெளியே துள்ளிக் குப்புற விழுந்தார். இன்னொரு தடவை செய்யவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, முகத்தை மறுபடி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது, உடம்பில் ஏறிய வாயு இறங்குவதற்காக, மேற்பரப்புக்கு ஐந்து மீட்டர் கீழே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நங்கூரக் கயிற்றைப் பிடித்து நின்றேன். அவர் எனக்கு நேர் மேலே வந்தார். இப்போது கண்ணாடிக்குள் அவர் கண் தெரிந்தது. கையைக் கீழே நீட்டினார். நான் மேலே நீட்டினேன். இடையில் இரண்டு ஆள் உயரத் தண்ணீர்.

நிற்க வேண்டிய நேரம் முடிந்தது. மேலே போகலாம் என்று நசீர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் பற்கள் வாய்க்குழாயில் மோதத் தொடங்கியிருந்தன. உள்ளுடுப்பு, தலையுறை எதுவும் இதற்குமேல் உதவாது. நின்றேன். சின்ன மீன் கூட்டமொன்று எங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று. அவர் விரல்களை மூடித் திறந்தார். நசீர் ஒருமுறை என் காற்றுமானியைத் தட்டிக் காட்டிவிட்டு, பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பாறையைப் பார்க்கத் தொடங்கினார்.

முள் சிவப்புக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் கயிற்றை விட்டேன். என் குமிழைவிட மெதுவாக ஏறினேன். முதலில் விரல்நுனி பட்டது. பிறகு உள்ளங்கை. பிறகு தலை வெளியே வந்து, மழைச் சத்தம் காதில் விழுந்தது.

என் தாடை கிடுகிடுவென்று ஆடியது. அவர் அந்தத் தடித்த உடுப்புக்குள் சூடாக, ஒரு மிதவையைப் போல ஆடிக்கொண்டிருந்தார். என் கையை அவர் விடவில்லை.

"மழை இறுகுது, ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று யோகன் ஏணியை இறக்கினார்.

ரகு மூச்சுக்குழாயை வாயிலிருந்து துப்பினார்.

"ஏம்மா," என்றார், "இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே நின்னிருக்கலாம்ல?"

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏணியை இருவரும் எட்டிப் பிடிக்கவில்லை.